பல உலகக் கதையில் முரண் பற்றிக்கொள்ளவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பல உலகங்களில் நடக்கும் ஃபேன்டசி கதை எழுதுகிறவர்களின் வரைவை வாங்கிப் படித்துக் கருத்துச் சொல்வது சில வருடங்களாக எனக்குப் பழகிப்போன வேலை. புகார் பெரும்பாலும் ஒன்றுதான். வரைபடம் போட்டாயிற்று, மந்திரத்துக்கு விதி எழுதியாயிற்று, வானத்தில் மூன்று நிலவு வைத்தாயிற்று, ஆனாலும் கதை சூடு பிடிக்கவில்லை. உடனே எழுதியவர் ஒரு போரைக் கொண்டுவந்து சேர்ப்பார். காய்ச்சலுக்குப் போர்வையை மாற்றுவது மாதிரி அது.

கோளாறு சண்டைக் காட்சியில் இருப்பது அபூர்வம். அதற்கு மூன்று நான்கு அத்தியாயம் முன்னால், யாருக்கு என்ன வேண்டும், அது கிடைத்தால் யாருக்கு என்ன போகும் என்று எழுதாமல் விட்ட இடத்தில்தான் இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். எது என்று தெரியவில்லை என்றால் முதலில் இந்தச் சோதனை.

தெருச் சோதனை

உங்கள் கதையில் மோதல் உச்சத்தில் இருக்கும் ஓர் அத்தியாயத்தை எடுங்கள். உலகங்களின் பெயரை அழித்துவிட்டு மேலத் தெரு, கீழத் தெரு என்று போடுங்கள். மந்திரக் கோலைப் பிடுங்கிவிட்டு அரிவாளைக் கொடுங்கள். இப்போது படியுங்கள்.

ஒரு குறையும் இல்லாமல் கதை அப்படியே ஓடுகிறதா? உலகங்கள் வெறும் ஜோடனை. அறிகுறி 2-க்குப் போங்கள். கதையே காணாமல் போய்விட்டதா? அங்கே ஆட்கள் இல்லை, கொடிகள்தான் இருந்தன. அறிகுறி 1. ஓரளவு நிற்கிறது, ஆனால் ஏதோ ஒன்று முக்கியமாகக் குறைகிறது என்று தோன்றினால் அடித்தளம் நல்லபடி இருக்கிறது. கோளாறு அறிகுறி 3-லிருந்து கீழே எங்கேயோ.

உதாரணத்துக்கு என் சொந்த வரைவையே பலி கொடுக்கிறேன். அதில் இரண்டு உலகங்கள். மழையே பெய்யாத கரம்பை, மழை ஓயாத நீர்வாய். இரண்டுக்கும் நடுவே ஒரு கிணறு. கரம்பையில் கயிறு கட்டி இறங்கினால் நீர்வாயில் ஏறலாம். நாச்சி என்று ஓர் அக்கா, முகிலன் என்று ஒரு தம்பி, படுக்கையில் கிடக்கும் அம்மா. அம்மாவுக்கான மூலிகை நீர்வாயில்தான் முளைக்கும்.

அறிகுறி 1: உலகங்கள் மோதுகின்றன, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்

முதல் பக்கத்தில் "ஆயிரம் ஆண்டுப் பகை" என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் நோய் இதுதான். பகை அந்த உலகத்துக்கு இருக்கிறது. இந்த ஆளுக்கு நேற்று என்ன நடந்தது என்பதைப் பற்றிக் கதை வாயே திறக்காது. என் முதல் வரைவில் கரம்பைக்கும் நீர்வாய்க்கும் அப்படி ஒரு பகையை வைத்திருந்தேன். படித்த நண்பர் ஒருவர், "சரி, நாச்சிக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் கசன் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் போர். செத்தவர்களைப் பிழைக்க வைக்கும் மந்திரம் அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியாரிடம் இருக்கிறது. தேவர்கள் தங்கள் குரு பிரகஸ்பதியின் மகன் கசனை அவரிடமே மாணவனாக அனுப்புகிறார்கள். போருக்கு அவ்வளவுதான் இடம். அதற்குப் பிறகு கதை ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. குரு, அவர் மகள் தேவயானி, வந்த மாணவன். தேவயானிக்கு அவன்மேல் பிரியம் வருகிறது. அசுரர்கள் அவனைக் கண்டுபிடித்துக் கொல்கிறார்கள். முதல் தடவை துண்டு போட்டு ஓநாய்களுக்கு இரையாக்குகிறார்கள். இரண்டாம் தடவை அரைத்துக் கடலில் கரைக்கிறார்கள். மூன்றாம் தடவை எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மகள் அழ, தகப்பன் மந்திரம் சொல்ல வேண்டியதாகிறது. மூன்றாம் தடவை சீடன் இருப்பது குருவின் வயிற்றில். அவன் வெளியே வந்தால் இவர் சாக வேண்டும். வேறு வழியில்லாமல் உள்ளே இருக்கிறவனுக்கு மந்திரத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அவன் வயிற்றைப் பிளந்து வந்து, அதே மந்திரத்தால் அவரை எழுப்புகிறான்.

இத்தனை ரத்தத்துக்கும் பிறகு உண்மையான மோதல் ஓர் உரையாடலில்தான் நடக்கிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள் என்கிறாள் தேவயானி. உன் தகப்பன் வயிற்றிலிருந்து வந்தவன், நீ எனக்குத் தங்கை முறை என்கிறான் கசன். கற்ற மந்திரம் உனக்குப் பலிக்காது என்று அவள் சபிக்கிறாள். எனக்குப் பலிக்காவிட்டால் என்ன, நான் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பலிக்கும். உன்னை எந்த ரிஷிகுமாரனும் மணக்க மாட்டான் என்று அவன் திருப்பிச் சபிக்கிறான். இரண்டு உலகங்களுக்கு இடையிலான தூரம் அந்த வாசலில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே வந்துவிட்டது. நீங்களும் செய்ய வேண்டியது அதுதான்.

சரிசெய்ய ஒரே ஒரு வாக்கியம் போதும். "இன்னாருக்கு இது வேண்டும், அது கிடைத்தால் இன்னாரிடமிருந்து இது போகும்." இரண்டு 'இன்னார்' இடத்திலும் உலகத்தின் பெயர் வரக் கூடாது, மனிதப் பெயர் வர வேண்டும். கசனுக்கு மந்திரத்தோடு ஊர் திரும்ப வேண்டும். அவன் திரும்பினால் தேவயானிக்கு அவன் இல்லை. நிரப்ப முடியவில்லை என்றால் மேற்கொண்டு ஓர் அத்தியாயம்கூட எழுதாதீர்கள்.

அறிகுறி 2: உலகத்தின் பெயரை மாற்றினாலும் கதை மாறவில்லை

ஆட்களுக்குள் நல்ல மோதல் இருக்கிறது. ஆனால் அது திருநெல்வேலியிலும் நடக்கலாம், செவ்வாய் கிரகத்திலும் நடக்கலாம். அப்படியானால் இத்தனை உலகம் எதற்கு?

காரணம் அநேகமாக ஒன்றுதான்: உங்கள் கதையில் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குப் போக ஒரு செலவும் இல்லை. டவுன் பஸ் ஏறுகிற மாதிரி ஏறி இறங்குகிறார்கள். போக்குவரத்துக்கு விலை இல்லாத இடத்தில் உலகங்கள் இரண்டாக இருந்தும் ஒன்றுதான்.

விலை எப்படி இருக்கலாம் என்பதற்குப் பாகவதத்தில் ஓர் அருமையான கதை உண்டு. ககுத்மி என்ற ராஜா, தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்கப் பிரம்மலோகம் போகிறார். அங்கே பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கிறார். பிறகு தன் மனதில் இருந்த வரன்களின் பெயர்களைச் சொல்லிக் கேட்டதும் பிரம்மா சிரிக்கிறார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டது. ஒரு சதுர்யுகம் 43,20,000 வருடம் என்ற கணக்குப்படி 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம் வருடம். நினைத்து வந்த மாப்பிள்ளைகள், அவர்களின் பேரன்கள், குலத்தின் பெயர், எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ரேவதி பலராமனுக்கு மனைவியாகிறாள். விஷ்ணு புராணம் இன்னொரு விவரம் சேர்க்கிறது: பழைய யுகத்துப் பெண் என்பதால் அவள் மிக உயரமாக இருந்தாள், பலராமன் தன் கலப்பையால் அவளைக் குட்டையாக்கிக்கொண்டான்.

எனக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு குறை உண்டு. ரேவதியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாட்டுக்காக என் தோழிகள் எல்லாரையும் தொலைத்துவிட்டீர்களே அப்பா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? அந்தக் கேள்விதான் உங்கள் கதை. புராணம் விட்டுச்சென்ற காலி மனை.

எந்த விலை வைத்தாலும், அந்தப் பாத்திரத்தால் தாங்க முடியாததாக அது இருக்க வேண்டும். "சக்தி குறையும்" என்று வைத்தால் ஒருநாள் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். வீடியோ கேமில் பச்சைக் கோடு நிரம்புகிற மாதிரி. கிணற்றைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் மறந்துபோகும் என்று நான் மாற்றினேன். அதன்பிறகு மோதலுக்கு நான் மெனக்கெடவே இல்லை.

"கயித்தைக் கொடுடா."

"இன்னைக்கு யார் பேரை விட்டுட்டு வரப் போறே?"

"மருந்து நாளைக்கு வரைக்கும்தான் இருக்கு."

"போன தடவை அப்பா பேரு. அதுக்கு முந்தி ஊர் பேரு. எனக்கும் எண்ணத் தெரியும்க்கா."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு பேருக்கும் பாசம்தான். கயிறு ஒன்றே ஒன்று. தெருச் சோதனையை இப்போது வைத்துப் பாருங்கள். அக்கா தம்பி பாசம் மேலத் தெரு கீழத் தெருவிலும் நிற்கும், ஆனால் இந்தச் சண்டை அங்கே இதே மாதிரி நடக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. விலையை ஒரு கிழவர் வாயால் விளக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தொடக்கத்திலேயே யாராவது ஒருவர் அதைக் கொடுப்பதைப் படிக்கிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாச்சி முதல் தடவை திரும்பி வந்து, தன் வீட்டு ஆட்டைக் கூப்பிட வாயெடுத்து, அப்படியே நிற்பாள். அவ்வளவு போதும்.

அறிகுறி 3: வில்லன் கெட்டவன், அதற்குமேல் ஒன்றுமில்லை

இருள் உலகத்து அரசன். கறுப்பு அங்கி. எல்லா உலகங்களையும் ஆள வேண்டும். எதற்கு என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இவனைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பக்கம் முழு நியாயத்தோடு வருகிற ஒருவனைப் பொருத்த வேண்டும்.

அப்படி ஒருவன் தமிழிலேயே இருக்கிறான்: மணிமேகலையில் வரும் காஞ்சனன். அவன் நம் மண்ணைச் சேர்ந்தவன் அல்ல, வானில் பறக்கும் விஞ்சையன். மனைவி காயசண்டிகையோடு பொதியில் மலைப் பக்கம் உலாவ வந்தபோது, 12 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் ஒரு முனிவர் வைத்திருந்த நாவற்கனியை அவள் செருக்கோடு நடந்து மிதித்துவிடுகிறாள். சாபம்: பறக்கும் மந்திரம் மறந்துபோகும், 12 ஆண்டு யானைத்தீ என்ற தீராப் பசியில் கிடக்க வேண்டும். அவள் புகார் நகரத்தில் பசியோடு திரிகிறாள். ஒருநாள் மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து வந்த சோறு அந்தப் பசியைத் தீர்க்கிறது. ஊர் திரும்பப் பறக்கிறாள்.

இங்கே காஞ்சனனின் பக்கம் நின்று பாருங்கள். 12 ஆண்டு முடிந்துவிட்டது, மனைவி வீடு வரவில்லை. தேடிக்கொண்டு புகாருக்கு வருகிறான். அங்கே காயசண்டிகை எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்! ஓடிப்போய்ப் பேசுகிறான். அவள் அவனை அந்நியனைப் போல ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் நிற்கும் இளவரசன் உதயகுமாரனிடம் போய்ப் பேசுகிறாள். எந்தப் புருஷனுக்கு ரத்தம் கொதிக்காது? அன்றிரவு ஒளிந்திருந்து, அவளைத் தேடி வந்த உதயகுமாரனை வாளால் வெட்டிக் கொல்கிறான்.

அவள் காயசண்டிகை அல்ல. தன்னைத் துரத்தும் உதயகுமாரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரத்தால் எடுத்த உருவம் அது. உண்மையான காயசண்டிகை வழியில் விந்தமலைக்கு மேலே பறந்தபோது அந்த மலையைக் காக்கும் தெய்வத்தால் விழுங்கப்பட்டுவிட்டாள். இதைத் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை சொல்லும்போது காஞ்சனன் கொலைகாரனாகியாயிற்று, மனைவியையும் இழந்தாயிற்று.

இந்தக் கண்ணியில் யார் வில்லன்? மணிமேகலைக்குத் துறவு வேண்டும், உதயகுமாரனுக்கு மணிமேகலை வேண்டும், காஞ்சனனுக்கு மனைவி வேண்டும். மூன்று பேருமே தாங்கள் பார்த்ததை வைத்துத்தான் நடக்கிறார்கள். கவனியுங்கள், இதில் பாதி வேலையை உலக விதிகள் செய்கின்றன. சாபத்துக்கு 12 ஆண்டு என்று திட்டமான கணக்கு இல்லாவிட்டால் அவன் அந்தச் சமயத்தில் தேடி வந்திருக்க மாட்டான். உருவம் மாறும் மந்திரம் இல்லாவிட்டால் ஏமாந்திருக்க மாட்டான்.

சரிசெய்யும் முறை: உங்கள் கதையின் நடு அத்தியாயம் ஒன்றை வில்லன் வாயால் "நான்" என்று எழுதுங்கள். வெளியிட வேண்டாம், உங்களுக்காக மட்டும். எழுதும்போது கொஞ்சமாவது அவன் பக்கம் சாய்ந்தீர்கள் என்றால் அவன் தேறிவிட்டான். இரண்டாம் பத்தியிலேயே "ஹா ஹா ஹா" வந்தால் தேறவில்லை.

அறிகுறி 4: ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் சண்டை

டிவி சீரியல் வியாதி. கதவுக்குப் பின்னால் நின்று பாதியைக் கேட்டுவிட்டு 80 எபிசோடு கோபித்துக்கொள்வது. படிக்கிறவர் "அட, கேட்டுத் தொலையேன்" என்று கத்துவார்.

தப்பான புரிதலை வைக்கவே கூடாது என்பதில்லை. மேலே பார்த்ததே அதுதான். ஆனால் அங்கே மணிமேகலை வாய் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. நான் அவளில்லை என்று காஞ்சனனிடம் சொன்னால் பக்கத்தில் நிற்கும் உதயகுமாரனிடம் மாட்டிக்கொள்வாள். உண்மையைச் சொல்வதற்கு ஒரு விலை வையுங்கள். அது கதையின் விதியிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. விலை எதுவும் கிடைக்கவில்லையா? அந்த இரண்டு பேரையும் பேசவிட்டுவிடுங்கள். பேசியும் தீராத சண்டைதான் எழுத லாயக்கானது.

அறிகுறி 5: எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம்

சண்டை வந்ததும் ஹீரோ வாசலைத் திறந்துகொண்டு அடுத்த உலகத்துக்குப் போய்விடுகிறார். ஓடிப்போக வழி இருக்கிறவரை யாரும் யாரையும் முகத்துக்கு நேரே பார்க்க மாட்டார்கள். வாசலைப் பூட்டுங்கள், அல்லது அமாவாசைக்கு அமாவாசை திறக்கும்படி வையுங்கள். இரண்டு விரோதிகள் அடுத்த அமாவாசைவரை ஒரே குடிசையில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

அறிகுறி 6: ஏழு உலகம், நாற்பது பாத்திரம், எனக்கே குழப்பம்

இது நான் அனுபவித்த நோய். ஒரு தொடர்கதைக்காக ஏழு உலகங்களுக்கும் கொடி, நாணயம், சாப்பாடு எல்லாம் எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். இருபத்திரண்டாவது அத்தியாயத்தில், இரண்டாம் உலகத்து ராணிக்கும் ஐந்தாம் உலகத்துத் தளபதிக்கும் ஏன் விரோதம் என்று எனக்கே மறந்துவிட்டது. பின்னூட்டத்தில் ஒரு வாசகர் விளக்கினார். அவர் சொன்ன காரணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

நம் புராணங்கள் ஈரேழு பதினாலு லோகத்துக்கும் பெயர் வைத்திருக்கின்றன. மேலே பூலோகம் தொடங்கி சத்தியலோகம்வரை ஏழு, கீழே அதலம் தொடங்கி பாதாளம்வரை ஏழு. ஆனால் கதைகள் பெரும்பாலும் பூமியிலும் சொர்க்கத்திலும் பாதாளத்திலும்தான் நடக்கின்றன. மகாதலத்தில் நடந்த கதை ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். சுதலம் நினைவில் நிற்கிறது என்றால், வாமனனிடம் எல்லாவற்றையும் இழந்த மகாபலி அங்கே இருப்பதால். ஆள் இருந்தால்தான் உலகம் நிற்கும்.

ஆகவே ஒவ்வோர் உலகத்துக்கும் எதிரே, அதை இழந்தால் உடைந்துபோகிற ஒரே ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். பெயர் வராத உலகங்களை அடித்துவிடுங்கள். எக்செல் ஃபைலை அழிக்க வேண்டாம், மனசு கேட்காது. வேறு ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

அறிகுறி 7: எந்த உலகத்துக்காரரும் ஒரே மாதிரி திட்டுகிறார்

சின்னக் கோளாறு, சீக்கிரம் சரியாகும். மழை இல்லாத கரம்பைக்காரனின் கோபத்திலும் சத்தியத்திலும் சாபத்திலும் தண்ணீர் இருக்க வேண்டும். "குடம் கவுத்தவனே" என்பது அங்கே கெட்ட வார்த்தை. நீர்வாய்க்காரிக்கு அது விளங்காது. குடத்தைக் கவிழ்த்தால் என்ன, வெளியே நீட்டினால் நிரம்பிவிடுமே என்பாள். அவன் வாழ்க்கையிலேயே பெரிய வசவு அவள் காதில் ஒன்றுமில்லாமல் போவது, அதுவே இன்னொரு சண்டை.

அறிகுறி 8: சண்டை முடிந்ததும் கதையும் படுத்துவிடுகிறது

சமாதானம் ஆனார்கள், கட்டிப்பிடித்தார்கள், அடுத்த அத்தியாயத்தில் புது எதிரி வேண்டியிருக்கிறது. காரணம், போன சண்டை ஒரு தழும்பையும் விட்டுப்போகவில்லை.

திரிசங்குவின் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். உடம்போடு சொர்க்கம் போக ஆசைப்பட்ட ராஜா. வசிஷ்டர் முடியாது என்றார், அவருடைய பிள்ளைகள் சபித்தார்கள், விசுவாமித்திரர் தன் தவ வலிமையால் மேலே ஏற்றினார், இந்திரன் தலைகீழாகத் தள்ளினான். விழுகிறவனை விசுவாமித்திரர் "நில்" என்று நடுவானில் நிறுத்தி, தெற்கே புதிதாக நட்சத்திரங்களையே படைக்கத் தொடங்கிவிட்டார். தேவர்கள் இறங்கிவந்து ராஜி பேசினார்கள். நட்சத்திரங்கள் அங்கேயே இருக்கலாம், திரிசங்குவும் அவற்றின் நடுவே இருக்கலாம், ஆனால் தலைகீழாக. இரண்டு தரப்பும் தோற்கவில்லை. தொங்குவது மட்டும் மூன்றாவது ஆள். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் தவிப்பவரைத் திரிசங்கு சொர்க்கத்தில் இருக்கிறார் என்று இன்றும் சொல்கிறோம்.

ராஜி ஆகட்டும், ஆனால் அதன் செலவு யார் தலையிலாவது தொங்கட்டும்.

என் கதையில் அம்மா பிழைத்துவிட்டாள். முகிலன் கயிற்றைக் கொடுத்தான், நாச்சி போய்விட்டு வந்தாள், சண்டை ஓய்ந்தது. முதல் வரைவு அங்கே சுபமாகப் படுத்துவிட்டது. பிறகுதான் ஒன்று உறைத்தது. நாச்சி எப்போதுமே அவனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். அது உறவு, பெயர் அல்ல; கிணற்றால் அதை எடுக்க முடியாது. கடைசித் தடவை அவள் தொலைத்தது யாருடைய பெயர் என்று அவனுக்குத் தெரியாது. திருத்திய வரைவில், கிணற்று மேட்டில் ஏறி வந்தவள் மூலிகைக் கட்டை நீட்டி, "இந்தா தம்பி, பிடி" என்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். என் பெயர் என்ன என்று அவளிடம் அவன் இன்னும் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் எட்டு அத்தியாயம் ஆகிவிட்டது.